பொன்முலாம் பூசிய ஈய அங்கி: இடைக்கால ஐரோப்பிய இலக்கியத்தில் சமயத்தாரின் பேராசையும் பொய்வேடமும்

இடைக்கால ஐரோப்பிய இலக்கியத்தில் குருமாரும் துறவிகளும் வாங்கிய வசவை வேறு எந்தத் தொழிலாரும் வாங்கியதில்லை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 14ஆம் நூற்றாண்டின் முடிவு வரை இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம் என எந்த மொழி நூலைப் பிரித்தாலும் அங்கே பதவிக்கு விலை கேட்கும் ஆயர் ஒருவர் இருப்பார். வேட்டைநாய் வளர்க்கும் மடத்துத் துறவி இருப்பார். விதவையின் கடைசிக் காசையும் பேசி வாங்கும் பிச்சைத் துறவி இருப்பார். பன்றி எலும்பைப் புனிதர் எலும்பென்று காட்டிக் காணிக்கை பெறுபவரும் இருப்பார். இந்த எழுத்தைச் சமய மறுப்பாக எடுத்துக்கொள்வது தவறு. எழுதியவர்களில் பலர் திருச்சபையின் ஊழியத்திலேயே வாழ்ந்தவர்கள். மற்றவர்களும் சாகும்போது அதே திருச்சபையின் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவே விரும்பியவர்கள். சொந்த வீடு என்ற உரிமையில்தான் அதன் அழுக்கை வெளியே சொன்னார்கள்.

அவர்கள் கண்ட குற்றங்கள் இரண்டு: பேராசை, கூடாவொழுக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் குடியிருக்கலாம். எழுத்தாளனுக்கு அவை தரும் வேலை வெவ்வேறு. பேராசை கண்ணுக்குத் தெரியும். குதிரைச் சேணத்தின் மணியில், சட்டைக் கையின் மென்மயிர் ஓரத்தில், தட்டில் வறுத்து வைத்த அன்னப் பறவையில் அது வெளிப்பட்டுவிடும். பொய்வேடம் தெரியாது, தெரிந்துவிட்டால் அது வேடமாக நிலைக்காது. மேலை மொழிகளில் இக்குற்றத்துக்கு வழங்கும் பெயர் நாடக நடிகனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழிலும் ‘வேடம்’ கூத்தாடிக்கும் துறவிக்கும் பொதுச்சொல்லாக இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒளிந்திருப்பதையே தன் இயல்பாகக் கொண்ட ஒன்றை வாசகன் முன் எப்படிக் கொண்டுவந்து நிறுத்துவது? இந்த மரபின் வளர்ச்சி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது.

காசு நுழைந்த வாசல்கள்

இந்த அங்கதத்தின் ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு திருச்சபைச் சட்டம் நிற்கிறது. அது தெரியாவிட்டால் பாத்திரங்கள் வெறும் கோமாளிகளாகவே தோன்றும்.

திருச்சபைப் பதவிகளோடு நிலமும் வருமானமும் சேர்ந்திருந்தன. ஆகவே பதவிக்கு விலை வந்தது. பணம் கொடுத்துத் தூய ஆவியின் வரத்தை வாங்க முயன்ற சீமோன் என்ற மாயவித்தைக்காரனின் கதை விவிலியத்தில் திருத்தூதர் பணிகளில் வருகிறது. பதவி வாணிகத்துக்கு அவன் பெயரே ‘சீமோனியம்’ என்று நிலைத்தது. பாப்பரசர் ஏழாம் கிரகோரி (1073–1085) இதை ஒழிக்கப் பெரும் போராட்டம் நடத்தினார். அந்தப் போராட்டத்தின் வழியே ரோமின் அதிகாரம் பெருகிற்று. வழக்குகளும் முறையீடுகளும் ரோமைத் தேடிப் போயின. அவற்றின் பின்னாலேயே காசும் போயிற்று. தூய்மைக்காக எழுப்பிய அதிகாரமே பணம் சேரும் இடமானது. 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களின் கோபத்துக்கு இந்த முரணே ஊற்று.

அடுத்த வாசல் 1215இல் திறந்தது. நான்காம் லாத்தரன் சங்கம், வயது வந்த கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. பாவங்களைக் கேட்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டனர். அதே காலத்தில் எழுந்த பிரான்சிஸ்கன், தொமினிக்கன் சபைகளின் பிச்சைத் துறவிகள் அந்த இடத்தை நிரப்பினார்கள். 1223இல் ஒப்புதல் பெற்ற பிரான்சிஸ்கன் ஒழுங்கு, சபையினர் நாணயத்தைப் பெறவே கூடாது என்று தடுத்தது. ஆனால் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்யவும் பாவம் கேட்கவும் இறந்தவரை அடக்கம் செய்யவும் அவர்கள் சலுகை பெற்றபோது, அதுவரை பங்குக் குருவுக்குப் போன காணிக்கை அவர்கள் பக்கம் திரும்பியது. காசைத் தொடாதவன் என்ற பெயரோடு காசு வரும் இடத்தில் நிற்கும் நிலை ஏற்பட்டது. பொய்வேடம் வளர இதைவிட நல்ல நிலம் கிடைக்காது.

மூன்றாவது, பாவத் தண்டனைக் குறைப்பு. சட்டப்படி அது பாவத்தையே போக்குவதன்று. மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்கு எஞ்சி நிற்கும் தண்டனையைத் தளர்த்துவது மட்டுமே. மருத்துவமனைக்கோ பாலத்துக்கோ தருமம் தந்தவர்களுக்கு அது வழங்கப்பட்டது; அந்தத் தருமத்தை வசூலிக்கக் கடிதத்தோடு ஆட்கள் அனுப்பப்பட்டனர். மனவருத்தம் என்ற நிபந்தனையைச் சொல்லாமல் விட்டுவிட்டுக் கடிதத்தையே மன்னிப்பாக அவர்கள் விற்கத் தொடங்கினார்கள். லாத்தரன் சங்கம் தன் 62ஆம் விதியில் திருப்பண்டங்களை விலைக்குக் காட்டுவதையும் பொய்க் கடிதத்தோடு வசூலுக்கு வருவதையும் தடுத்தது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் மன்னிப்புச் சீட்டு வியாபாரி என்ற பாத்திரம் பிறப்பதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் அவனை அறிந்திருந்தது.

வேத நடையில் எழுதிய வசை

இலத்தீன் பள்ளியே முதலில் எழுந்தது. ரோமின் பணப் பசியே அதன் பாடுபொருள். வேத நடையைப் போலி செய்வது அதன் முறை. 1100ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘கார்சியாவின் உரை’யில் டொலேடோவின் பேராயர் ஒருவர் இரண்டு மறைச்சாட்சிகளின் திருப்பண்டங்களைப் பாப்பரசருக்குக் காணிக்கையாகக் கொண்டு வருகிறார். அந்த மறைச்சாட்சிகள் அல்பீனுஸ், ரூஃபீனுஸ்: முதற்பெயர் வெள்ளியைக் குறிக்கும், அடுத்தது செம்பொன்னை. வெள்ளைப் புனிதரும் சிவப்புப் புனிதரும் கருவூலம் புகும் காட்சி முழுக்க வழிபாட்டுச் சடங்கின் மொழியிலேயே நடக்கிறது.

‘வெள்ளி மார்க்கின்படி நற்செய்தி’ இந்த வகையில் புகழ்பெற்றது. மாற்கு என்ற நற்செய்தியாளர் பெயரும் மார்க் என்ற வெள்ளி எடையின் பெயரும் இலத்தீனில் ஒலியொத்தவை. ஏழைக் குரு ஒருவன் பாப்பரசரின் அரண்மனைக்கு நீதி கேட்டு வருகிறான், வாயிற்காவலர் துரத்துகிறார்கள். உடுப்பை விற்றுக் கொடுத்தாலும் போதவில்லை. அவனுக்குப் பின் கொலைப்பழி சுமந்த கொழுத்த குரு ஒருவன் வருகிறான். வாயிலோன் முதல் கர்தினால் வரை கையில் வைத்து உள்ளே போகிறான். மற்றவர்களுக்குக் கிடைத்ததைக் கேட்ட பாப்பரசர் நோயில் விழ, பொன்னும் வெள்ளியும் கலந்த லேகியம் அனுப்பப்பட்டு உடனே குணமடைகிறார். கதையின் வாக்கியங்கள் அநேகமாக விவிலியத் தொடர்களின் ஒட்டுத்துண்டுகளே. சங்கீதங்களை மனப்பாடமாக அறிந்த வாசகனுக்கு ஒவ்வொரு தொடரிலும் மூலத்தின் தூய்மையும் நிகழ்காலத்தின் இழிவும் ஒருசேரக் கேட்கும். பவேரியாவின் பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் 1803இல் கிடைத்த ‘கார்மினா புரானா’ சுவடியிலும் இந்தப் போலி நற்செய்தி இடம்பெற்றிருக்கிறது. பொருளாசையைத் தீமைகளின் வேராகக் கூறும் விவிலியக் கருத்தை நான்கு இலத்தீன் சொற்களில் அடக்கி, அவற்றின் முதலெழுத்துகளால் ‘ரோமா’ என்ற பெயர் வரச் செய்த சொல்விளையாட்டும் இக்காலத்தில் வழங்கியதே.

இந்தப் பள்ளியின் உரைநடை முனையில் நிற்பவர் க்ளேர்வோ மடத்தலைவர் பெர்னார்ட். க்ளூனி மடத்தாரின் உணவையும் உடையையும் கட்டடத்தையும் பற்றி அவர் 1125ஐ ஒட்டி எழுதிய நூலில், முட்டையை எத்தனை வகையாகச் சமைக்கிறார்கள் என்று விவரிக்கும் பகுதி எந்த அங்கதக் கவிஞனுக்கும் குறையாதது. கான்டர்பரியின் துறவி நைஜல் 1180ஐ ஒட்டி எழுதிய ‘மூடர் கண்ணாடி’யில் புர்னெல்லுஸ் என்ற கழுதை நீண்ட வால் வேண்டிப் புறப்படுகிறது; பாரிஸில் பல ஆண்டு படித்தும் கழுதையாகவே இருக்கிறது; கடைசியில், இருக்கும் துறவற சபைகள் ஒவ்வொன்றிலிருந்தும் வசதியான விதியை மட்டும் பொறுக்கி ஒரு புதுச் சபை நிறுவத் திட்டமிடுகிறது. படிப்பும் துறவும் ஆசைக்கு மேலாடையாகிப் போவதை அந்தக் கழுதையைவிட நன்றாகக் காட்டிய பாத்திரம் இந்தப் பள்ளியில் இல்லை.

இந்த நூல்கள் கூர்மையானவை. ஆயினும் அவற்றின் குறி ஓர் இடம் அல்லது ஒரு கூட்டம்: ரோம், க்ளூனி, கர்தினால்கள். தனி மனிதனின் உள்ளம் அங்கே திறக்கப்படவில்லை. பேராசை அகப்பட்டது, வேடம் அகப்படவில்லை.

நரியும் பசுவும்

தாய்மொழி எழுத்து வேடத்தை முதலில் விலங்கின் மேல் போர்த்திப் பார்த்தது. அதற்கு வழிகாட்டியது ஓர் இலத்தீன் நூலே: 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபிளாண்டர்ஸில் எழுந்த ‘இசென்கிரிமுஸ்’ காவியத்தில் ஓநாய், வயிறு நிறையும் என்று மடம் சேர்கிறது. பின்வந்த பிரெஞ்சு ‘ரெனார்’ கதைகளில் நரி, விலாங்கு மீனின் வாசனைக்கு மயங்கிய ஓநாயிடம் தான் துறவி என்று சொல்லி, சபையில் சேர உச்சி மழிக்க வேண்டும் என்று கொதிநீரை அதன் தலையில் ஊற்றுகிறது. டச்சு மொழி வடிவத்தில் அதே நரி சந்நியாசி உடுப்பில் சேவலிடம் போய், இனிப் புலால் உண்பதில்லை என்கிறது. சேவல் நம்பியதன் விலையைக் குஞ்சுகள் கொடுக்கின்றன. பூனை ருத்திராட்சம் பூண்ட கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

‘ஃபாப்லியோ’ என்ற குறுங்கதைப் பாட்டுகள் ஏறத்தாழ 150 எஞ்சியுள்ளன. அவற்றில் பங்குக் குருவே நிரந்தர விருந்தாளி. ஆராஸ் நகரக் கவிஞர் ழான் போதெலின் கதை ஒன்றில், கடவுளுக்குக் கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்று குரு பிரசங்கம் செய்கிறார். அதை நம்பிய குடியானவன் தன் ஒரே பசுவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். குரு அதைத் தம் பசுவோடு பிணைத்துக் கட்டுகிறார். பழைய வீட்டை மறக்காத பசு, குருவின் பசுவையும் இழுத்துக்கொண்டு குடியானவன் வாசலுக்கு வந்துவிடுகிறது. பிரசங்கம் பலித்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் ருத்பெஃப் எழுதிய கதையிலோ, குரு ஒருவர் தம் கழுதையைப் புனித நிலத்தில் புதைத்துவிடுகிறார். ஆயர் கொதித்தெழுந்து விசாரணைக்கு அழைக்கிறார். அந்தக் கழுதை இருபது ஆண்டு உழைத்து, ஆண்டுக்கு 20 சூ சேமித்து, 20 லிவ்ரைத் தங்களுக்கு உயில் எழுதி வைத்தது என்று குரு பணப்பையை நீட்டுகிறார். ஆயர் கழுதையின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்கிறார். சட்டத்தின் பெயரால் எழுந்த சீற்றம் பணத்தைக் கண்டதும் செபமாக மாறும் அந்த நொடியில் பேராசையும் வேடமும் முதன்முறையாக ஒரே முகத்தில் தெரிகின்றன.

பொய்த்தோற்றம் வாய் திறக்கிறான்

மரபின் திருப்பம் ஒரு பல்கலைக்கழகச் சண்டையில் நேர்ந்தது. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பிச்சைத் துறவிகள் ஆசிரியர் இருக்கைகளைப் பெற்றபோது மற்ற ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அவர்களின் தலைவர் கியோம் த சேன்-தமூர், கடைசிக் காலத்தின் ஆபத்துகளைப் பற்றி எழுதிய நூலில், வீடுகளுக்குள் நுழைந்து பேதைப் பெண்களை வயப்படுத்தும் போலிகள் வருவார்கள் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய திருமுகம் எச்சரிப்பதைப் புதிய சபைகளின் மேல் பொருத்திக் காட்டினார். தாமஸ் அக்குவினாசும் பொனவெந்தூராவும் மறுப்பு எழுதினார்கள். 1256இல் பாப்பரசர் நான்காம் அலெக்சாண்டர் நூலைக் கண்டித்தார். கியோம் பிரான்சிலிருந்து விலக்கப்பட்டார். சண்டையில் அவர் தோற்றார். அவர் வகுத்த குற்றப்பட்டியலோ அடுத்த நூற்றைம்பது ஆண்டு இலக்கியத்துக்குக் கைச்சரக்காயிற்று.

அதை இலக்கியமாக்கியவர் ழான் த மூன். கியோம் த லோரிஸ் பாதியில் விட்ட ‘ரோஜாவின் கதை’யை 1270களில் அவர் தொடர்ந்து முடித்தார். ஏறத்தாழ 300 சுவடிகளில் எஞ்சியுள்ள அந்தக் காவியத்தில், காதல் தேவனின் படையில் ‘பொய்த்தோற்றம்’ என்றொருவன் சேர வருகிறான்; அவனோடு ‘கட்டாய நோன்பு’ என்ற பெண். நீ யார், எங்கே குடியிருக்கிறாய் என்று காதல் தேவன் கேட்க, அவன் ஏறக்குறைய ஆயிரம் அடிகளில் விடை சொல்கிறான். உடுப்பு மாற்றுவதே தன் தொழில் என்கிறான். ஏழையின் பாவத்தைக் கேட்கத் தனக்கு நேரமில்லை, பணக்காரர் நோயுற்றால் ஓடுவேன் என்கிறான். வறுமையைப் போதித்துச் செல்வம் சேர்ப்பதை மறைக்காமல் விவரிக்கிறான். சேன்-தமூர் கியோம் நாடு கடத்தப்பட்டதையும் அவன் வாயாலேயே ஆசிரியர் சொல்ல வைக்கிறார்.

வேடத்தை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு இங்கே துணிச்சலான விடை கிடைத்தது: வேடதாரியையே பேசவிடு. அந்த விடையிலேயே ஒரு முடிச்சும் விழுந்தது. பொய் சொல்வதே இயல்பானவன் தன்னைப் பற்றி உண்மை சொல்கிறான் என்றால் அந்த உண்மையை எப்படி நம்புவது? காதல் தேவன் அவனை நம்பிச் சேர்த்துக்கொள்கிறான். அடுத்த காட்சியில் பொய்த்தோற்றம் துறவி உடுப்பில், கழுத்தில் தொங்கும் வேதத்தோடு, ‘தீவாய்’ என்ற காவலனிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்கிறான். முழந்தாளிட்ட தீவாயின் கழுத்தை நெரித்து, நாக்கைச் சவரக்கத்தியால் அறுத்து எறிகிறான். சிரித்துக்கொண்டே கேட்ட உரையின் உள்ளே கொலை இருந்தது அப்போதுதான் தெரிகிறது. இந்தக் காட்சியின் குளிர் இடைக்கால அங்கதத்தில் வேறெங்கும் இல்லை.

இத்தாலி: தண்டனையும் கதையும்

தாந்தே சிரிக்கவில்லை. அவர் இடம் ஒதுக்கினார். ‘தெய்வீக நாடக’த்தின் நரகப் பகுதி ஏழாம் காண்டத்தில், பேராசைக்காரர் கூட்டத்தில் உச்சி மழித்த தலைகள் நிறைந்திருக்கின்றன. முகங்கள் மட்டும் அடையாளம் தெரியாமல் மங்கிக் கிடக்கின்றன. ஆசை அவர்களின் முகத்தையே அழித்துவிட்டது. பத்தொன்பதாம் காண்டத்தில் பதவி விற்றவர்கள் கல்லில் வெட்டிய குழிகளில் தலைகீழாகச் செருகப்பட்டு, உள்ளங்காலில் தீ எரியக் கிடக்கிறார்கள். பாப்பரசர் மூன்றாம் நிக்கோலஸ் தாந்தேயின் குரல் கேட்டு, வந்தது எட்டாம் போனிஃபாஸ் என்று நினைத்துப் பேசிவிடுகிறார். கதை நடக்கும் 1300இல் போனிஃபாஸ் உயிரோடு, பதவியில் இருந்தார். அவர் இறந்தது 1303இல். உயிரோடு இருப்பவருக்கு நரகத்தில் குழி தயாராக இருப்பதை ஒரு தவறான அடையாளத்தின் மூலம் அறிவிக்கும் இந்த உத்தி, நேரடி வசை எதனாலும் எட்ட முடியாதது.

வேடதாரிகளுக்கு இருபத்து மூன்றாம் காண்டம். அவர்கள் க்ளூனித் துறவிகளுடையது போன்ற முக்காட்டோடு அங்கி அணிந்து மெல்ல நடக்கிறார்கள். அங்கியின் வெளிப்புறம் கண் கூசும் பொன். உள்ளே முழுக்க ஈயம். பாரத்தால் அடி எடுத்து வைக்கவே அழுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குற்றத்துக்கு எடையைக் கொடுத்ததே தாந்தேயின் தீர்வு: பார்ப்பவனுக்குப் பொன், சுமப்பவனுக்கு ஈயம். அங்கே அவரோடு பேசுபவர்கள் கட்டலானோ, லொதெரிங்கோ என்ற பொலோஞா நகரத்தார். சமயச் சபை ஒன்றைச் சேர்ந்த அந்த இருவரும் கட்சிகளுக்கு நடுவே சமாதானம் காக்க 1266இல் ஃபுளோரன்சுக்கு வந்து, ஒரு சார்பாகி நகரத்தைக் கெடுத்தவர்கள் என்பது தாந்தேயின் குற்றச்சாட்டு.

தாந்தேயின் அளவுகோல் அவருடைய சொர்க்கத்தில் இருக்கிறது. அங்கே தொமினிக்கனான அக்குவினாஸ் பிரான்சிஸைப் புகழ்ந்து, தம் சபையின் வீழ்ச்சியைச் சொல்லி வருந்துகிறார். அடுத்து பிரான்சிஸ்கனான பொனவெந்தூரா தொமினிக்கைப் புகழ்ந்து, தம் சபையின் வீழ்ச்சிக்கு வருந்துகிறார். பூமியில் போட்டியிட்ட சபைகள் மேலே ஒன்றையொன்று வணங்கி, தன்தன் குற்றத்தைத் தானே சொல்கின்றன. கண்டனம் செய்யும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிட நேர்மையாகக் காட்டிய காட்சி இந்த மரபில் கிடையாது.

பொக்காச்சியோ வேறு பிறவி. 1348இன் கொள்ளைநோய்க்குப் பின் எழுதிய ‘தெகமெரோன்’ நூலில் தண்டனை அரிது; சாமர்த்தியமே நாயகன். முதல் நாளின் இரண்டாம் கதையில், பாரிஸில் வாழும் ஆபிரகாம் என்ற யூத வணிகர் ரோமுக்குப் போய்க் குருமாரின் சீர்கேட்டைக் கண்ணாரக் காண்கிறார். இத்தனை பேர் அழிக்க முயன்றும் அழியாத சமயத்தில் கடவுள் இருக்கத்தான் வேண்டும் என்று திரும்பி வந்து திருமுழுக்குப் பெறுகிறார். ஆறாம் நாளின் கடைசிக் கதையில், பொக்காச்சியோவின் ஊரான செர்த்தால்தோவுக்கு ஆண்டுதோறும் வசூலுக்கு வரும் துறவி சிப்பொல்லா, காபிரியேல் தேவதூதரின் இறகு என்று கிளி இறகு ஒன்றைக் காட்டப் போகிறார். குறும்பர் இருவர் இறகைத் திருடிப் பேழையில் கரித்துண்டுகளைப் போட்டுவிடுகிறார்கள். மக்கள் முன் பேழையைத் திறந்தவர் ஒரு கணமும் கலங்காமல், இவை புனித லாரன்ஸைச் சுட்ட நெருப்பின் கரிகள், பெட்டி மாறி வந்தது அவருடைய திருநாள் நெருங்குவதால் நேர்ந்த தெய்வச் செயல் என்கிறார். கரியால் எல்லார் உடையிலும் சிலுவை போட்டு முன்பைவிட அதிகம் வசூலிக்கிறார். திருடிய இருவரும் சிரித்து மகிழ்ந்து இறகைத் திருப்பித் தருகிறார்கள். பொக்காச்சியோவின் பார்வையில் சிப்பொல்லா கலைஞன். ஏமாந்த கூட்டத்தின் மேல் இரக்கம் இல்லாதது அந்தக் கதையின் குறை என்றே சொல்ல வேண்டும்.

ஸ்பெயினில் ஈட்டா ஊரின் தலைமைக் குரு ஹுவான் ருயிஸ், 1330, 1343 ஆகிய ஆண்டுகளில் இரு வடிவமாக முடித்த நூலில், பணத்தின் ஆற்றலைப் பாடும் பகுதிக்கு ரோமையே சாட்சியாக்குகிறார்.

அளவுகோல்கள்

இந்தப் பள்ளிகள் மொழியாலும் மனப்போக்காலும் வேறுபட்டாலும் நிறுக்கும் கற்கள் பொதுவானவை. முதற்கல், அவரவர் ஏற்ற ஒழுங்கு. மடத்துத் துறவியைப் பெனடிக்டின் ஒழுங்காலும், பிச்சைத் துறவியைப் பிரான்சிஸின் வறுமையாலும், குருவை நற்செய்தியின் மேய்ப்பனாலும் அளந்தார்கள். வெளியார் அளவுகோல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கல் நுட்பமானது. குரு கெட்டவன் என்றால் அவன் தரும் திருவருட்சாதனம் கெடுமா? கெடாது என்பது அகுஸ்தீன் காலத்திலிருந்து திருச்சபையின் உறுதியான போதனை. சியன்னாவின் கத்தரீன் (1347–1380) தம் நூலில் தீய குருமாரை எரிக்கும் சொற்களால் சாடினார். அவர்கள் கையிலிருந்து நற்கருணை பெறுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கண்டிப்பவன் இந்தக் கோட்டின் எப்பக்கம் நிற்கிறான் என்பதே சீர்திருத்தக்காரனையும் பேதகனையும் பிரித்தது. இங்கிலாந்தின் விக்ளிஃபும் (இறப்பு 1384) அவர் வழியினரும் கோட்டை நெருங்கியபோது, பழைய வசைகளே புது ஆபத்தாக ஒலிக்கத் தொடங்கின.

இவற்றைச் சரித்திரச் சான்றாக அப்படியே எடுப்பதில் எச்சரிக்கை தேவை. வசை மரபு தன் உவமைகளைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொடுத்த ஒன்று. ஜில் மான் 1973இல் வெளியிட்ட ஆய்வு, சாசரின் ‘கான்டர்பரிக் கதைகள்’ முன்னுரையில் வரும் சொல்லோவியங்களில் எத்தனை வரிகள் பழைய அங்கதத்தின் பொதுச்சொத்து என்பதைத் தெளிவாக்கியது. மறுபக்கம், ரூவான் பேராயரும் தாமே பிரான்சிஸ்கனுமான ஊத் ரிகோ 1248 முதல் 1269 வரை மடம் மடமாகச் சென்று எழுதி வைத்த குறிப்பேடு இருக்கிறது. கடன், தனிச்சொத்து, மென்மயிர் ஆடை, காலியாகக் கிடந்த வழிபாட்டு இருக்கைகள் எல்லாம் அதில் உண்டு. ஒழுங்காக நடந்த மடங்களும் உண்டு. கவிஞர்கள் ஒழுங்கான மடத்தைப் பாடவில்லை.

இங்கிலாந்து: லாங்லண்டும் சாசரும்

லாங்லண்டின் ‘பியர்ஸ் என்ற உழவன்’ 1370 முதல் 1390 வரையிலான காலத்தில் மூன்று வடிவங்களில் வளர்ந்தது. அதில் கைக்கூலியின் உருவான மீட் சீமாட்டிக்குப் பாவமன்னிப்புத் தர வரும் துறவி, ஒரு சுமை கோதுமைக்கு எதையும் மன்னிக்கத் தயார். கோயில் சாளரக் கண்ணாடிக்குப் பணம் தந்தால் அவள் பெயரை அதில் பொறிப்பதாகவும் சொல்கிறான். விருந்துக் காட்சியில் ஒரு வேதசாத்திரப் பண்டிதர் வகைவகையாக உண்டு களிக்கிறார். நான்கு நாளைக்கு முன்தான் அவர் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் பவுலின் பட்டினிப் பாடுகளைப் பற்றிப் பிரசங்கம் செய்திருந்தார். காவியத்தின் முடிவு கொடியது. பகைவர் சூழ்ந்த திருச்சபைக் கோட்டைக்குள், காயத்துக்கு மருந்து போட என்று ஒரு முகத்துதித் துறவி அனுமதிக்கப்படுகிறான். அவன் பெயர் வீட்டுக்குள் நுழைபவன் என்று பொருள்படும் இலத்தீன் தொடர். 1256இல் கண்டிக்கப்பட்ட நூல் பயன்படுத்திய அதே விவிலிய வாசகம். அவன் காசுக்கு இதமான மருந்து தடவுகிறான். மனவருத்தம் என்ற பாத்திரம் அழுவதையே மறந்துவிடுகிறது. கோட்டை வெளியிலிருந்து விழவில்லை. மனச்சாட்சி கோலெடுத்துப் பியர்ஸைத் தேடி நடக்கத் தொடங்குவதோடு காவியம் நிற்கிறது. லாங்லண்டுக்குப் பேராசை ஒழுக்கக் குறை என்ற அளவில் நிற்கவில்லை. மனிதன் திருந்தும் வழியையே அது அடைத்துவிடுகிறது.

சாசர் துறவியல்லர், லண்டன் துறைமுகத்தில் சுங்க அலுவலராக இருந்தவர். கணக்குப் பார்க்கத் தெரிந்த கண் அவருடையது. கான்டர்பரியின் புனிதர் கல்லறைக்குப் போகும் பயணிகள் வழியில் சொல்வதாக 1387ஐ ஒட்டித் தொடங்கிய ‘கான்டர்பரிக் கதைகளி’ன் முன்னுரையில் அவர் யாரையும் திட்டுவதில்லை. மடத்துத் துறவியின் கடிவாள மணி, மென்மயிர்க் கை, பொன் ஊசி, அவர் விரும்பும் அன்னக் கறி என்று அடுக்கிவிட்டு, அவர் சொல்வது சரிதான் என்று கதை சொல்பவன் தலையாட்டுகிறான். பிச்சைத் துறவி ஹியூபர்ட், காலில் செருப்பில்லாத விதவையிடமும் ஒரு காசு பெறாமல் போகமாட்டார். நல்ல காணிக்கை தந்தவனுக்கு அழுகை வேண்டியதில்லை, காசே போதும் என்பது அவர் போதனை. சட்டத்தில் இருந்த மனவருத்தம் என்ற நிபந்தனை எப்படிக் காசாக மாறியது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. வேறொரு கதையில் வரும் துறவி, தானம் தந்தவர்களின் பெயரை மெழுகுப் பலகையில் வேண்டுதலுக்காக எழுதிக்கொண்டு, வாசல் தாண்டியதும் அழித்துவிடுகிறார்.

இந்த மரபு முழுவதும் வந்து சேரும் பாத்திரம் மன்னிப்புச் சீட்டு வியாபாரி. ரோமிலிருந்து சூடாக வந்த சீட்டுகள் பை நிறைய. தலையணை உறை ஒன்று அன்னை மரியாளின் முக்காடாக. கண்ணாடிக் குப்பியில் பன்றி எலும்புகள். ஏழைப் பங்குக் குரு இரண்டு மாதத்தில் பெறுவதை அவன் ஒரே நாளில் பெறுகிறான். ஆண்டுக்கு 100 மார்க் என்று அவனே சொல்கிறான். ‘ரோஜாவின் கதை’யைத் தாமே மொழிபெயர்த்ததாகச் சாசர் குறிப்பிட்டிருக்கிறார். பொய்த்தோற்றத்தின் ஒப்புதல் உரை இங்கே ஒரு மனிதனின் வாய்க்கு வருகிறது. எந்த ஊருக்குப் போனாலும் தன் பிரசங்கம் ஒன்றே என்கிறான் அவன்: பொருளாசைக்கு எதிரானது. அதைச் செய்வது பொருளாசையால். மக்கள் பாவம் தீர்ந்ததா என்பது தனக்குக் கவலையில்லை என்றும் வெளிப்படையாகச் சொல்கிறான்.

பின் அவன் சொல்லும் கதை அந்த நூலிலேயே மிகச் செம்மையானது. மரணத்தைக் கொல்லப் புறப்பட்ட மூன்று குடிகாரர்கள் ஒரு மரத்தடியில் பொற்குவியலைக் காண்கிறார்கள். அதை இரவில் கடத்த எண்ணி, இளையவனை உணவு வாங்க அனுப்புகிறார்கள். அவன் மதுவில் நஞ்சு கலந்து வருகிறான்; மற்ற இருவரும் அவனைக் குத்திக் கொன்றுவிட்டு அந்த மதுவைக் குடிக்கிறார்கள். கேட்பவர் நெஞ்சு நடுங்கும் கதை. சொல்லி முடித்தவன், கிறிஸ்துவின் மன்னிப்பே மேலானது என்று ஒரு கணம் உண்மை பேசிவிட்டு, தன் மோசடியை முன்பே கேட்ட அதே பயணிகளிடம் காணிக்கை கேட்கிறான். உடன் வரும் விடுதிக்காரர் கொச்சையாக ஏசுகிறார். ஆயிரம் வார்த்தை பேசியவன் கோபத்தில் பேச்சற்று நிற்கிறான். வீரர் ஒருவர் இருவரையும் சமாதானப்படுத்துகிறார். அந்த ஒரு கண உண்மை தொழில் தந்திரமா, அவனையும் மீறி வந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். கெட்டவன் வாயிலிருந்து வந்தாலும் கதை கேட்டவரைத் திருத்தக்கூடும். சொன்னவன் மட்டும் திருந்தவில்லை. அகுஸ்தீன் வகுத்த கோட்டின் மேலேயே சாசர் அவனை நிறுத்தியிருக்கிறார்.

அவனுக்கு நேர் எதிரே ஏழைப் பங்குக் குரு. தசமபாகம் தராதவரைச் சபித்து ஒதுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தம் வருமானத்திலிருந்து ஏழைகளுக்குக் கொடுப்பவர். மழையிலும் இடியிலும் கோலூன்றி நடந்து தொலைவீடுகளுக்குப் போகிறவர். அவருக்குத் தோற்ற வருணனையே கிடையாது; மணியும் ஊசியும் மென்மயிரும் இல்லை, செயல்கள் மட்டுமே. உடன் வரும் உழவன் அவருடைய சகோதரன்.

அந்த உழவனுக்குச் சாசர் கதை எதுவும் எழுதவில்லை. 1533இல் அச்சான ஜான் ஹேவுட்டின் நாடகம் மன்னிப்புச் சீட்டு வியாபாரியையும் பிச்சைத் துறவியையும் ஒரே கோயிலில் ஒரே நேரத்தில் பிரசங்கம் செய்யவைத்துக் கைகலக்கச் செய்தது. அதை எழுதியவர் உறுதியான கத்தோலிக்கர். அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. பழைய வசைகளை, ரோமிலிருந்து பிரிந்த புதிய சபையார் தம் முன்னோரின் குரலாகப் படிக்கத் தொடங்கினார்கள். 1542இல் வெளியான சாசர் பதிப்பில், குருமாரைச் சாடும் ‘உழவன் கதை’ ஒன்று அவர் எழுதியதாகச் சேர்க்கப்பட்டது. அந்தப் பயணிகள் போய்ச்சேர வேண்டிய கான்டர்பரிக் கல்லறை 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் இடிக்கப்பட்டு அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.